ஸ்டார் போட்டும் கோப்பு சிக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டிய மழைநீர் வடசென்னையின் பல தெருக்களில் வடியாமல் நின்றது. தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அரிசியும் பால் பவுடரும் தேவைப்படும் வீடுகளின் பட்டியலைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் பட்டியல் அனுப்புவார். கோப்பின் பெயர் பகுதியின் பெயரில் தொடங்கும். ‘கொ*’ என்று தட்டி (ஸ்டார் என்றால் ‘அதன்பின் எது வேண்டுமானாலும்’), கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை பட்டியல்களை ஒன்றாக்கி வண்டியில் போகிறவரிடம் கொடுத்தேன். சாயங்காலம் கொருக்குப்பேட்டையிலிருந்து போன் வந்தது: “இன்னாண்ணா, எங்க தெரு பேரே லிஸ்ட்ல இல்லியாமே?”

கோப்பு ஃபோல்டரில் கண் முன்னாலேயே இருந்தது. ‘கொ*’ என்ற தேடல் வடிவம், அதாவது பேட்டர்ன்தான் அதைத் தொடவில்லை. நிரல் எந்தப் பிழையும் சொல்லவில்லை. ஒரு தெருவே விட்டுப்போனது, அவ்வளவுதான். ஸ்டார், கேள்விக்குறி போன்ற வைல்ட்கார்டு குறிகள் தரும் பிழைகளில் நான் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான். அதற்கப்புறம் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரும்போது வந்த சிக்கல்களையும் சேர்த்து, அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஸ்டாரைப் படிக்கப்போவது யார்? லினக்ஸ் டெர்மினலில் தட்டினால், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் படிக்கிறது. பொருந்தும் கோப்பு இருந்தால், கட்டளையின் கைக்குப் போகும்போது அங்கே ஸ்டாரே இருக்காது, கோப்புப் பெயர்கள்தான் இருக்கும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் அந்தந்த நிரலே படித்துக்கொள்கிறது. பைத்தானில் குளோப், எஃப்என்மேட்ச் போன்ற நூலகங்கள் படிக்கின்றன. டேட்டாபேஸும் எக்செலும் தனித்தனி விதி வைத்திருக்கின்றன. ரெகெக்ஸ் என்ற இன்னொரு தேடல் முறையில் ஸ்டாருக்கு அர்த்தமே வேறு: முன்னால் இருப்பது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்பது. அங்கே ‘எது வேண்டுமானாலும்’ என்று சொல்லப் புள்ளியும் ஸ்டாரும் சேர்ந்து ‘.*’ என்று வர வேண்டும். யார் படிக்கிறார் என்று தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அறிகுறி: கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, பேட்டர்னுக்குத் தெரியவில்லை

கொருக்குப்பேட்டையில் நடந்தது இதுதான். ‘கொ’ என்பதை யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒரு எண் தரும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ‘க’வும் ‘ொ’ என்ற ஒரே குறியும். இன்னொன்று, ‘க’, அப்புறம் ஒற்றைக் கொம்பு ‘ெ’, அப்புறம் கால் ‘ா’ என மூன்று குறிகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே கதைதான். பெயரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரித்து வைக்கும் வழக்கம் பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைக்கு உண்டு. அங்கிருந்து ஜிப் கட்டி வந்த கோப்பை லினக்ஸில் பிரித்தால் பிரிந்த வடிவமே தங்கிவிடும். சில பழைய எழுத்துரு மாற்றிகளும் இதையே செய்கின்றன.

சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘கெ*’ என்று தட்டிப் பாருங்கள். கொருக்குப்பேட்டை அதில் வந்து நின்றால், பெயர் பிரிந்த வடிவில் இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பெயரில் ‘க’வை அடுத்து உண்மையிலேயே ‘ெ’தான் இருக்கிறது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பைத்தானில் பெயரின் ஒவ்வொரு குறியையும் ஆர்ட் (ord) செயல்பாட்டில் கொடுத்து எண்ணைப் பாருங்கள். சேர்ந்த ‘ொ’வின் எண் 3018. பிரிந்திருந்தால் 3014, 3006 என்று இரண்டு எண்கள் வரும். ‘ோ’ என்றால் 3019. பிரிந்தால் 3015, 3006.

தீர்வு: பேட்டர்னையும் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். பைத்தானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்ற செயல்பாடு இருக்கிறது. அதற்கு ‘என்எஃப்சி’ என்று சொன்னால் பிரிந்தவற்றைச் சேர்த்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் செய்ய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய குருடிதான். ஃபோல்டர் முழுக்கப் பெயர்களையே திருத்த கான்வ்எம்வி என்ற கருவி உண்டு. அது முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்ட மட்டுமே செய்யும். ‘நோடெஸ்ட்’ தேர்வைக் கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். காட்டுவதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

என்எஃப்சி செய்தும் பொருந்தவில்லையா? அப்படியானால் தட்டச்சில் கோளாறு. தமிழில் இரண்டு கோளாறுகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, ‘ர்’ போட வேண்டிய இடத்தில் கால் போட்டு அதன் மேல் புள்ளி வைப்பது. ‘எண்ணூர்’ என்பதன் கடைசி இரண்டு எண்கள் 2992, 3021 என்று இருக்க வேண்டும். 3006, 3021 என்று வந்தால் அது ரகரம் அல்ல, காலும் புள்ளியும். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. காலுக்கு மேல் புள்ளி என்பது தமிழில் எங்குமே வராது என்பதால், அதை எங்கே பார்த்தாலும் ‘ர்’ என்று மாற்றிவிடலாம், தயங்க வேண்டாம். இரண்டாவது, ‘கௌ’ என்பதைக் கொம்பு, ‘க’, ‘ள’ என்று பார்வைக்குச் சரியாக வரும்படி ‘கெள’ என்று அடிப்பது. இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. ‘கெளுத்தி’ என்ற மீனின் பெயர் காசிமேட்டுப் பட்டியல் எதிலாவது இருக்கும். அது ‘கௌுத்தி’ என்று உருக்குலைந்துவிடும். இதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

இதையும் தாண்டிப் பொருந்தாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத குறி ஏதாவது ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ வெட்டி ஒட்டிய பெயர்களில் 8204, 8205, 160 ஆகிய எண்களைத் தேடுங்கள். முதல் இரண்டும் அகலமே இல்லாத குறிகள் (ஒன்று எழுத்துகள் இணைவதைத் தடுப்பது, இன்னொன்று இணைப்பது), மூன்றாவது உடையாத இடைவெளி.

அறிகுறி: கேள்விக்குறியை எண்ணிப் போட்டும் பொருந்தவில்லை

‘?’ ஒரே ஒரு எழுத்துக்குப் பொருந்தும் என்று படித்திருப்போம். மணலிக்கு மூன்று எழுத்து, ஆகவே ‘???’ போதும் என்று நினைப்போம். வராது. நான்கு வேண்டும். இங்கே ‘ஒன்று’ என்பது ஒரு யூனிகோடு குறி. ‘லி’ என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு ‘ல’வும் ‘ி’யும். எண்ணூருக்கு நம் கணக்கில் நான்கு எழுத்து, கணினியின் கணக்கில் ஏழு. காசிமேட்டுக்கு நான்கும் எட்டும். ‘ம’, ‘ண’ போன்ற அகர உயிர்மெய்யை ஒன்றாகவும், மற்ற உயிர்மெய்யையும் புள்ளி வைத்த மெய்யையும் இரண்டிரண்டாகவும் எண்ணிப் பழகிக்கொள்ளலாம். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு ‘?’ கொண்டு நீளம் அளப்பதையே தவிர்த்துவிடச் சொல்வேன். வரிசை எண், தேதி போன்ற இலக்கங்களுக்கு ‘?’ சரி.

இதில் இன்னொரு வகை உண்டு: டெர்மினலில் சரியாக ஓடுகிற ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் நிரலை இயக்கும் கிரானில் ராத்திரி தானாக ஓடும்போது எதையும் பிடிக்காது. கிரானுக்கு நம் மொழி அமைப்பு தெரியாமல் இருக்கலாம். அப்போது ஷெல் யூனிகோடு குறியை விட்டுவிட்டு பைட்டை எண்ணத் தொடங்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். மணலியைப் பிடிக்க 12 கேள்விக்குறி வேண்டியிருக்கும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே யூடிஎஃப்-8 மொழி அமைப்பைக் குறிப்பிட்டுவிடுங்கள். இதே 3 பைட் கணக்கால்தான் லினக்ஸில் 255 பைட் வரம்புள்ள கோப்புப் பெயர் தமிழில் 85 குறிகளோடு நின்றுவிடுகிறது. நீளமான தலைப்பைக் கோப்புப் பெயராக வைக்கும்போது வால் வெட்டுப்பட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

அறிகுறி: ‘*ஊர்’ என்று தேடினால் எண்ணூர் வரவில்லை

திருவொற்றியூரும் பெரம்பூரும்கூட வராது. நம் காதுக்கு எல்லாமே ‘ஊர்’ என்றுதான் முடிகின்றன. கோப்பிலோ தனி உயிரெழுத்து ‘ஊ’ (2954) கிடையாது; ‘ண’ மேலோ ‘ய’ மேலோ ‘ப’ மேலோ ஏறிய ‘ூ’ (3010) இருக்கிறது. ‘*ூர்’ என்று தேடுங்கள், மூன்றும் வரும்.

புணர்ச்சியும் இதே மாதிரி காலை வாரும். ‘*ப்பேட்டை’ என்றால் வண்ணாரப்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் வரும், தண்டையார்பேட்டை வராது. அந்தப் பெயரில் ‘ர்’ஐ அடுத்து ‘ப்’ எழுதப்படவில்லை. ‘*பேட்டை’ என்று ஒற்றை விட்டுவிட்டுத் தேடினால் எல்லாமே சிக்கும்.

தேவைக்கு மேல் சிக்குவதும் உண்டு. ‘ம*’ என்றால் மணலி மட்டும் வரும் என்று எதிர்பார்த்த ஒரு தம்பிக்கு மாதவரமும் மூலக்கொத்தளமும் சேர்ந்து வந்தன. ‘மா’, ‘மூ’ எல்லாவற்றுக்கும் முதல் குறி ‘ம’தான். வெறும் ‘ம’வில் தொடங்குவது மட்டும் வேண்டுமானால், ‘ம’வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரக் கூடாது என்று சதுர அடைப்புக்குள் சொல்ல வேண்டும். பைத்தானின் எஃப்என்மேட்சில் ‘ம[!ா-்]*’ என்று எழுதலாம். 3006 முதல் 3021 வரை வேண்டாம் என்று அதற்குப் பொருள். ஷெல்லில் இந்த மாதிரி வீச்சுகள் மொழி அமைப்பின் வரிசைப்படி மாறக்கூடும் என்பதால் இந்த வேலையைப் பைத்தானிடம் கொடுப்பதே நல்லது.

அறிகுறி: நேற்று ஓடிய ஃபைண்ட் கட்டளை இன்று பிழை சொல்கிறது

கோப்பு தேடும் கட்டளையான ஃபைண்டுக்கு நேம் தேர்வோடு *.சிஎஸ்வி என்று மேற்கோள் இல்லாமல் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அப்படிப்பட்ட கோப்பு எதுவும் இல்லாத நாளில் ஷெல் ஸ்டாரைத் தொடாமல் அனுப்பிவிடும், எல்லாம் நன்றாக நடக்கும். ஒரே ஒரு கோப்பு இருந்தால் அதன் பெயரையே போட்டு அனுப்பும். ஃபைண்ட் எல்லா ஃபோல்டர்களிலும் அந்த ஒரே பெயரைத் தேடும். இரண்டு கோப்பு இருந்தால்தான் பிழை வாயைத் திறக்கும். ஆகவே மோசமானது நடுவில் உள்ள நிலைதான், விடை குறைவாக வரும், தெரியவும் தெரியாது. பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஸ்டாரை ஃபைண்ட் படிக்கட்டும், ஷெல் படிக்க வேண்டாம்.

அறிகுறி: ஃபோல்டரில் ‘*.சிஎஸ்வி’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பு முளைத்திருக்கிறது

பாஷ் ஷெல்லுக்கு ஒரு பழக்கம்: எதுவும் பொருந்தாவிட்டால் பேட்டர்னை அப்படியே எழுத்தாகக் கடத்திவிடும். அதை ஒரு கோப்புப் பெயர் என்று நம்பி உங்கள் லூப் வேலையைத் தொடரும். ஸ்கிரிப்டின் மேலே நல்குளோப் அமைப்பை இயக்கினால், பொருந்தாதபோது ஒன்றுமே கிடைக்காது, லூப் ஓடாமல் முடியும். ஆனால் நல்குளோப் இருக்கும்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு ஸ்டார் கொடுத்து எதுவும் பொருந்தாவிட்டால், எல்எஸ் எந்தப் பெயரும் வராததால் ஃபோல்டர் முழுவதையும் காட்டும். அதனால் லூப் இருக்கும் ஸ்கிரிப்டுக்குள் மட்டும் வையுங்கள். இசட்ஷெல் இந்த விஷயத்தில் நேர்மையானது: பொருந்தவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். முளைத்த கோப்பை அழிக்கும்போது பெயரைக் கட்டாயம் மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஸ்டார் மற்ற சிஎஸ்விகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

அறிகுறி: கேட்டதைவிட அதிகமாக அழிந்துவிட்டது

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த காலத்தில், எடைமேடைச் சீட்டுகளின் ஸ்கேன் இருந்த ஃபோல்டரில் பழைய நகல்களை நீக்கப் போனேன். அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கு அடுத்து ஸ்டார், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் புள்ளியும் நீட்டிப்பும். அந்த ஒரு இடைவெளியால் ஷெல்லுக்கு இரண்டு பேட்டர்ன் கிடைத்தன: ‘எல்லாம்’ என்பது ஒன்று, ‘.பேக்’ என்ற கோப்பு ஒன்று. ஃபோல்டர் காலி. லினக்ஸ் டெர்மினலில் குப்பைத்தொட்டி கிடையாது. காகிதச் சீட்டுகள் யார்டில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்ய இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து அழிக்கும் கட்டளைக்கு முன்னால் அதே பேட்டர்னை, கொடுத்ததைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் எக்கோவுக்குக் கொடுத்து விரிவைப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எக்கோவை மட்டும் ஆர்எம்மாக மாற்றுகிறேன். திரும்பத் தட்டுவதில்லை. இன்னொன்று, வெறும் ‘*’ போடாமல் ‘./*’ என்று போடுங்கள். சிறு கோட்டில் தொடங்கும் பெயர் ஏதாவது இருந்தால் ஆர்எம் அதைக் கட்டளையின் தேர்வாக எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: எக்செலில் விடை பூஜ்யம்

ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, வண்ணாரப்பேட்டை 600021, எண்ணூர் 600057. இந்தப் பின்கோடுகள் உள்ள நெடுவரிசையில் கவுண்ட்இஃப் போட்டு ‘6000*’ என்று எண்ணினால் 0 வருகிறது. எக்செலின் வைல்ட்கார்டு எழுத்துச் சரத்துக்கு மட்டும்தான். பின்கோடு எண்ணாகப் பதிந்திருக்கிறது. பக்கத்து நெடுவரிசையில் அந்த எண்ணோடு & குறியால் ஒரு காலி மேற்கோளை இணைத்தால் அது எழுத்தாகிவிடும், அங்கே எண்ணுங்கள். பெயரிலேயே ஸ்டார் இருந்து அதைத் தேட வேண்டுமானால் முன்னால் ‘~’ போட வேண்டும். இஃப் சூத்திரத்தில் சமக்குறிக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டார் வெறும் எழுத்துதான். எக்ஸ்லுக்அப்புக்கு ஐந்தாவது இடத்தில் 2 கொடுத்தால்தான் ஸ்டாரை மதிக்கும். லிப்ரெஆபிஸ் கால்க் என்றால் கணக்கீட்டு அமைப்புகளுக்குள் போய் வைல்ட்கார்டு இயங்குகிறதா, ரெகெக்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலான டேட்டாபேஸ்களில் லைக் என்ற சொல்லால் தேடுகிறவர்களுக்கு ஸ்டார் வேலை செய்யாது. அங்கே ‘%’, ஒற்றை இடத்துக்கு ‘_’. பலரும் மறப்பது அந்த அடிக்கோட்டைத்தான். ‘காசிமேடு_1’ என்று தேடினால் ‘காசிமேடு-1’, ‘காசிமேடு 1’ எல்லாம் வரும். அடிக்கோட்டை அடிக்கோடாகவே தேட எஸ்கேப் என்ற சொல்லோடு ஒரு விலக்குக் குறியைக் கொடுக்க வேண்டும். எஸ்கியூலைட்டில் குளோப் என்றே ஒரு செயற்குறி உண்டு, அதில் நமக்குப் பழகிய ஸ்டாரும் கேள்விக்குறியும் செல்லும்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

புள்ளியில் தொடங்கும் கோப்புகளை ஷெல்லின் ‘*’ எடுக்காது; பாஷில் டாட்குளோப் அமைப்பு வேண்டும். உள் ஃபோல்டர்களில் இருப்பது வரவில்லையென்றால், ‘*’ சாய்கோட்டைத் தாண்டாது என்பது காரணம். ‘**’ போட வேண்டும், அதற்கும் பாஷில் குளோப்ஸ்டாரையும் பைத்தானின் குளோப்பில் ரிகர்சிவ் தேர்வையும் இயக்க வேண்டும். எஃப்என்மேட்சின் ஸ்டார் மட்டும் சாய்கோட்டைத் தாண்டிப் போகும். போனில் எடுத்த படங்களில் பாதி விட்டுப்போனால் நீட்டிப்பு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பாருங்கள். விண்டோஸில் வேலை செய்த ‘*.*’ லினக்ஸில் புள்ளி இல்லாத பெயர்களை விட்டுவிடும்.

அறிகுறி: நாமே எழுதிய மேட்சர் (பொருத்தம் பார்க்கும் நிரல்) உறைந்துபோகிறது, அல்லது கடைசியில் தவறு செய்கிறது

ஸ்டார் வரும்போதெல்லாம் ‘எதையும் எடுக்காமல் பார்’, ‘ஒன்றை எடுத்துப் பார்’ என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் நிரல் எழுதச் சுலபம். நான்கைந்து ஸ்டாரும் நீளமான சரமும் கிடைத்தால், முந்தைய ஸ்டாரின் ஒவ்வொரு வாய்ப்புக்கும் அடுத்த ஸ்டார்களின் எல்லா வாய்ப்புகளையும் மறுபடி சோதித்து நேரம் பெருகிக்கொண்டே போகும். மருந்து இது: கடைசியாகக் கடந்த ஸ்டார் பேட்டர்னில் எங்கே இருந்தது, அப்போது சரத்தில் எங்கே நின்றோம் என்ற இரண்டு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். பொருந்தினால் இரண்டு பக்கமும் ஒரு அடி முன்னால். ஸ்டார் வந்தால் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு பேட்டர்னில் மட்டும் முன்னால். பொருந்தாவிட்டால் பேட்டர்னில் அந்த ஸ்டாருக்கு அடுத்த இடத்துக்கும், சரத்தில் குறித்த இடத்துக்கு ஒன்று தள்ளியும் போய், அந்த இடத்தையே புதிதாகக் குறித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். குறித்த ஸ்டாரே இல்லையென்றால் பொருத்தம் இல்லை.

முந்தைய ஸ்டார்களுக்குத் திரும்பிப் போகத் தேவையே இல்லை. அவை கிடைத்த முதல் இடத்திலேயே திருப்தியடைந்து, பின்னால் வருபவைக்கு அதிகபட்ச இடத்தை விட்டுவைத்துவிட்டன; அவற்றை நகர்த்தினால் இடம் குறையுமே தவிரக் கூடாது. எவ்வளவு மோசமான சரமானாலும் நேரம் இரண்டு நீளங்களின் பெருக்கல் அளவைத் தாண்டாது.

தவறு பெரும்பாலும் முடிவில்தான் ஒளிந்திருக்கும். சரம் தீர்ந்த பிறகு பேட்டர்னில் மீதமுள்ள ஸ்டார்களை எல்லாம் தாண்டிவிட்டு, பேட்டர்னும் தீர்ந்ததா என்று பாருங்கள். ‘மணலி*’ வெறும் ‘மணலி’க்குப் பொருந்தவில்லையென்றால் இந்த அடி விட்டுப்போயிருக்கிறது. பேட்டர்ன் முதலில் தீர்ந்து சரம் மீதமிருந்தால் உடனே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அதையும் பொருந்தாத நிலையாகவே கருதி ஸ்டாருக்குத் திரும்புங்கள். இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் சரம் ‘வண்ணாரப்பேட்டை-தண்டையார்பேட்டை’, பேட்டர்ன் ‘*பேட்டை’. முதல் பேட்டையோடு பேட்டர்ன் தீர்ந்துவிடும். அங்கே கைவிட்டால் தப்பு. அடுத்தது ‘பழையவண்ணாரப்பேட்டை’யோடு ‘*ப்பேட்டை’: முதல் எழுத்து ‘ப’ ஆசை காட்டும், அடுத்து புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ‘ழ’ வந்து திருப்பி அனுப்பும். அப்புறம் காலிச் சரத்துக்கு ‘*’ பொருந்த வேண்டும், காலிப் பேட்டர்ன் காலிச் சரத்துக்கு மட்டும் பொருந்த வேண்டும். கடைசியாக, கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த வடிவில் ஒன்றும் பிரிந்த வடிவில் ஒன்றுமாகக் கொடுத்து, ‘கொ*’ இரண்டையும் பிடிக்கிறதா என்று பாருங்கள்.